அப்பா எரித்த கையுறை

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் காலையிலேயே உளிச்சத்தம் ஆரம்பித்துவிடும். சிற்பப் பட்டறை வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் கல்லைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் சுத்தியல் பிடித்த வலக்கையைப் பார்ப்பார்கள். உளி பிடித்த இடக்கையைக் கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும். சிற்பி உளியை நெரித்துப் பிடிப்பதில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் என எதிரெதிரே நின்று அதைத் தாங்குகின்றன. அடிக்கு அடி உளியின் சாய்வு நூலளவு மாறிக்கொண்டே இருக்கிறது. கடலோரத்தில் உட்கார்ந்து வலைக்கண் முடிகிற மீனவரின் கையிலும் இதே வித்தைதான்.

இந்த நுணுக்கம் முன்னங்கையில் புடைத்துத் தெரியும் பெரிய தசைகளால் வருவதல்ல. உள்ளங்கைக்குள், விரல் எலும்புகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு தசைகள் செய்கிற வேலை அது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவு கொண்டுபோவது ஒரே ஒரு நரம்பு. முழங்கையை நிலைக்கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது போல் இருக்குமே, அந்த நரம்பு. முழங்கைக்குப் பின்னால் தோலுக்கு வெகு அருகில் அது ஓடுகிறது.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். தோலுக்கடியில் மேலாக ஓடும் நரம்பு அதற்குத் தோதான இடம். அங்கே கிருமி குடியேறி நரம்பு வீங்கிச் செயலிழந்தால், உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்துவிடும். முன்னங்கைத் தசைகள் மட்டும் பலமாக இருக்கும். எதிரே தடுத்து நிறுத்த ஆளில்லாததால் அவை விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். கை கொக்கிபோல் ஆகிவிடும். உளி பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது.

இவ்வளவு விவரமும் உலகத்துக்குத் தெளிவானதில் செங்கல்பட்டுக்கு ஒரு பங்கு உண்டு. மாமல்லபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், 1947-ல் ஒருநாள் நடந்த கைகுலுக்கலிலிருந்து அது தொடங்கியது. கைகுலுக்கியவர் பால் பிராண்ட். ஆங்கிலேய அறுவை மருத்துவர், வயது 33-ஐ எட்டிக்கொண்டிருந்தது. பிறந்தது நம் கொல்லிமலையில். அவருடைய தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் அதே மலை மண்ணில் அடக்கமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைய சம்பவத்தில் அந்தத் தகப்பனாருக்கு இருக்கும் இடத்தைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

*

ஜெஸ்ஸி பிராண்ட் படித்துப் பட்டம் வாங்கிய பாதிரியார் அல்ல, மருத்துவரும் அல்ல. கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி என்று ஒன்று இருந்தது. டாக்டர் எட்டாத ஊர்களுக்குப் போகும் கிறிஸ்தவ ஊழியர்களுக்கு அவசர மருத்துவம் கற்றுத் தரும் இடம். அங்கே ஒரு வருடம் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார். மனைவி ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர். இருவருக்கும் 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம். அங்கிருந்து கொல்லிமலை ஏறினார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற மலைக்கு அன்று ஒற்றையடிப் பாதைதான், மலேரியா வேறு.

1914 ஜூலையில் பால் பிறந்தான், இரண்டு வருடம் கழித்துத் தங்கை கான்னி.

மலையில் ஜெஸ்ஸி செய்த வேலைகளைப் பட்டியல் போட்டால் ஒரு ஆள் செய்தது என்று நம்புவது கஷ்டம். வீடு கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், ஓடு போடவும் மரவேலை செய்யவும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பல் பிடுங்கினார். வட்டிக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் மலைமக்களுக்காகப் போய்ப் பேசினார். அவற்றில் மகன் மனதில் ஆழமாகத் தங்கியது நரம்புச் சிலந்தி வைத்தியம். குடிநீரில் வரும் புழு அது. உடம்புக்குள் ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, கால் தோலைப் பொத்துக்கொண்டு தலைகாட்டும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே சீழ் வைத்துவிடும். வெளியே வந்த நுனியை ஒரு குச்சியில் மாட்டி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதை வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்தார். அதோடு, ஜனங்கள் கால் வைத்து இறங்குகிற கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார். புண்ணோடு கால் தண்ணீரில் படாவிட்டால் புழு பரவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996-ல்தான் பதிவானார். 2000-ல் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. அதற்கு உதவிய வழிகளில் முக்கியமானது ஜெஸ்ஸி சொன்ன அதே வழி: நோயாளியின் கால் குடிநீரில் படாமல் பார்த்துக்கொள்வது.

ஆனால் பல வருடம் வரை மலையில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஊர்ப் பூசாரி இவர்களை எதிர்த்தார். அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்திருக்கும். காய்ச்சல் ஒன்று மலையைப் பிடித்து அந்தப் பூசாரி வீட்டிலேயே சாவு நுழைந்தபோது, அண்டை அயலார் யாரும் கிட்டே போகவில்லை, ஜெஸ்ஸி போனார். சாகும் தறுவாயில் பூசாரி தன் பிள்ளையை ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியிடமே ஒப்படைத்தார். மலையில் திருச்சபை என்று ஒன்று உருவானது அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பாடம் பெரும்பாலும் வெளியில்தான். கரையான் புற்றை உடைத்து, உள்ளிருந்து ஓடிவரும் சிப்பாய்க் கரையான்கள் எப்படி ஓட்டையை வளைத்து நிற்கின்றன, வேலைக்காரக் கரையான்கள் எப்படி மண் கொண்டுவந்து அடைக்கின்றன என்று பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காட்டுவார். கர்த்தர் படைத்ததை உற்றுப் பார்ப்பது அவருக்கு ஜெபத்தில் ஒரு பகுதி. பால் பிற்காலத்தில் எழுதியதிலும் பேசியதிலும் இந்தப் பழக்கம் விடாமல் தொடர்கிறது. எதையும் கையில் எடுத்து, திருப்பி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காமல் அவர் கீழே வைத்ததில்லை.

*

பால் ஏழெட்டு வயதுப் பையனாக இருந்தபோது நடந்தது இது. ஒரு மத்தியானம் வெளியூர் ஆட்கள் மூன்று பேர் வீட்டை நோக்கி வந்தார்கள். நடை ஒரு மாதிரியாக இருந்தது. கைகால்களில் கந்தல் சுற்றியிருந்தது. நோயாளி என்று யார் வந்தாலும் முகம் மலர்ந்து ஓடுகிற அப்பா அன்றைக்குத் தயங்கி நின்றதைப் பையன் பார்த்தான். அம்மா பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். பால் போகாமல் ஒளிந்திருந்து கவனித்தான்.

அப்பா உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ பேரை வெறுங்கையால் தொட்டு மருந்து போட்டவர்; அவர் கையுறை போட்டு அவன் பார்த்ததில்லை. மூவரின் கால்களையும் கழுவி, மருந்து தடவி, கட்டுப் போட்டார். வழக்கமான பேச்சு, சிரிப்பு எதுவும் இல்லை. அம்மா கூடையில் பழமும் சாப்பாடும் கொண்டுவந்து தரையில் வைத்தார். கூடையையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர்கள் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் காட்டுப்பாதையில் மறைந்துவிட்டார்கள். பால் கூடையை எடுக்கப் போனான். அம்மா அலறித் தடுத்தார். கூடையும் அப்பாவின் கையுறையும் நெருப்பில் போடப்பட்டன. பிள்ளைகள் குளிக்க வைக்கப்பட்டார்கள். அந்த மூவர் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று உத்தரவு.

ஜெஸ்ஸியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. தொழுநோய்க்கு மருந்து என்று சொல்லிக்கொள்ள நீரடிமுத்து எண்ணெய் ஊசி மட்டும் இருந்த காலம். எப்படிப் பரவுகிறது என்பதும் சரியாகத் தெரியாது. பயந்த நிலையிலும் அவர் அந்த மூவரின் காலைக் கழுவத்தான் செய்தார். அன்பும் அச்சமும் ஒரே கையில் இருந்ததைப் பிள்ளை பார்த்துவிட்டது என்பதுதான் விஷயம்.

*

1923-ல் குடும்பம் விடுமுறைக்காக இங்கிலாந்து போனது. பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களை லண்டனில் அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மறுவருடம் மலைக்குத் திரும்பினார்கள். அன்றைய ஊழியக் குடும்பங்களில் இது சாதாரணமாக நடந்தது. பிள்ளைகளுக்கு அது சாதாரணமாக இருந்திருக்காது. கொல்லிமலை மரக்கிளையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பையனுக்கு லண்டன் வீட்டு ஜன்னல்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அப்பாவோடு தொடர்பு கடிதத்தில் மட்டும். கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து வந்த அந்தக் கடிதங்களில் மலை, மரம், பூச்சி, பறவை எல்லாம் இருக்கும்.

1929 ஜூனில் தந்தி வந்தது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகிற கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துவிட்டார். பாலுக்குப் பதினைந்து நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தந்திக்குப் பிறகும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கடலில் இருந்த கடிதங்களுக்குச் சாவு தெரியாதல்லவா. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அப்பா உயிரோடு எழுதிய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான் பையன். கடைசியாக வந்தது, சாவதற்குச் சில நாள் முன்னால் எழுதியது. குதிரையில் மலைப்பாதையில் போனபோது பார்த்ததையும், இந்த உலகத்தை ரசிப்பதற்குக் கடவுளே நமக்கு அனுமதி தந்திருக்கிறார் என்பதையும் மகனுக்குச் சொல்லும் கடிதம் அது. பால் அதை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருந்தார். பிள்ளைக்கு உபதேசம் எழுதி அனுப்பும் அப்பாக்கள் உண்டு. இவர் தான் பார்த்த மரங்களை எழுதினார். அதனால்தான் அந்தக் கடிதம் நிலைத்தது என்று தோன்றுகிறது.

அடுத்து பால் எடுத்த முடிவு நேராக டாக்டர் ஆவதல்ல. உறவினர் ஒருவர் மருத்துவப் படிப்புக்குப் பணம் தருகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். காரணமும் அப்பாதான். அப்பா கீறிவிட்ட சீழ்க்கட்டிகளும் குச்சியில் சுற்றிய புழுவும் ரத்தமும் பையன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்பாவைப் போலக் கட்டடக்காரனாகி இந்தியாவுக்குப் போவதே அவர் எண்ணம். சில வருடங்கள் தச்சு வேலையும் கொத்து வேலையும் முறையாகக் கற்றார். மரத்தின் ரேகை பார்த்து இழைப்புளி போடுவது, கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் கைக்கு வந்தன. பிறகு அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில், ரத்தம் இழந்து வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் புட்டி ரத்தம் ஏற ஏறக் கன்னத்தில் நிறம் திரும்பியதை நேரில் பார்த்தார். ரத்தத்தைப் பற்றிய அருவருப்பு அன்றோடு போயிற்று. மருத்துவம் சேர்ந்தார், லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் அறுவை சிகிச்சை கற்றார், 1946 முடியும் தறுவாயில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வேலூர் சி.எம்.சி. என்ற அந்த நிறுவனமும் ஒரு தகப்பன், ஒரு பிள்ளை கதைதான். செங்கல்பட்டிலிருந்து தெற்கே போனால் வரும் திண்டிவனத்தில், 1890-ல் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. டாக்டர் ஜான் ஸ்கட்டர் ஆண் என்பதால் அவரை வேண்டாம் என்று, அவர் மகள் ஐடாவைக் கூப்பிட்டார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தியாவே வேண்டாம் என்றிருந்த ஐடா அதற்காகவே மருத்துவம் படித்தார். 1900-ல் திரும்பி வந்த சில மாதங்களில் தகப்பனார் காலமானார். வேலூர் நிறுவனத்தைத் தொடங்கிய அந்த ஐடா, முதிய வயதில், பால் பிராண்ட் வந்தபோது வேலூரில்தான் இருந்தார்.

*

பிராண்டை வேலூருக்கு வரவழைத்தவர் ராபர்ட் காக்ரேன். இவரும் ஊழியர் மகன். அப்பா தாமஸ் காக்ரேன், சீனாவில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஸ்காட்லாந்து மருத்துவர். மகன் 1930-களில் செங்கல்பட்டு வந்து, திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். தொழுநோயாளியைத் தொடலாம், பக்கத்தில் உட்காரலாம் என்று வாயால் சொல்லாமல் தினமும் செய்து காட்டியவர். சல்போன் வகை மருந்துகள் நீரடிமுத்து எண்ணெயை ஓரங்கட்டிய காலத்தில், டாப்சோனை 1946 வாக்கிலேயே இங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். அதே சமயம், வேலூர்க் கல்லூரியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தும் பொறுப்பும் அவர் தோளில் இருந்தது.

1947-ல் பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தார். காக்ரேன் தோட்டத்து வழியே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். தோல் நிபுணர் அல்லவா, அவர் காட்டியதெல்லாம் தோலில் உள்ள படைகள். பிராண்டின் கண்ணோ கைகளில்தான் நின்றது. விரல்கள் மடங்கிய கை, விரல்கள் குட்டையாகிப் போன கை, வணக்கம் சொல்லச் சேராத கை. இதெல்லாம் எதனால், இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, எலும்பு டாக்டர் நீங்கள்தான் என்று காக்ரேன் திருப்பிச் சொன்னார். உலகத்தில் இத்தனை லட்சம் பேரை ஊனமாக்கும் நோயை எலும்பு மருத்துவர் ஒருவர்கூடக் கிட்டே வந்து ஆராய்ந்ததில்லை என்ற அவருடைய ஆதங்கம் அதில் இருந்தது.

பக்கத்தில் ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தார். பிராண்ட் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் அழுத்துங்கள் என்றார். சோர்ந்துபோன கை, பூவைத் தொட்டதுபோல் இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அந்த மனிதர் அழுத்தினார். வலி தாங்காமல் பிராண்ட் கத்திவிட்டார். நகம் தோலில் பதிந்திருந்தது. தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அழுத்தியவருக்கே தெரியவில்லை.

தச்சு வேலை தெரிந்தவனுக்கு அந்த நொடியில் ஒன்று பளிச்சென்று விளங்கியது. இந்தக் கை அழுகிச் செத்த கை அல்ல. பலமான தசைகள் இருக்கின்றன. சில தசைகள் மட்டும் போய்விட்டன. இருக்கும் தசையின் நாண் ஒன்றை எடுத்து, போன தசையின் இடத்தில் மாட்டிவிட்டால்?

கையுறை இல்லாமல் நடந்த கைகுலுக்கல் அது.

*

அதற்குப் பின் வேலூரில் நடந்தது மருத்துவ வரலாறு. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகால்களை அங்குலம் அங்குலமாகச் சோதித்து, எங்கே உணர்ச்சி இல்லை, எந்தத் தசை வேலை செய்யவில்லை என்று படம் போட்டார்கள். ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வந்தது. முழங்கையில், மணிக்கட்டில், முழங்காலுக்கு வெளிப்பக்கத்தில், அதாவது நரம்பு தோலுக்கு மேலாக ஓடுகிற இடங்களில்தான் சேதம். ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பித்திருந்தன. எந்தத் தசையை நம்பி எடுத்து மாற்றலாம் என்பது இதிலிருந்து தெரிந்தது. 1948-ல் தொடங்கி, விரலை மடக்கும் தசைநாண்களைப் பிரித்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் விரலின் மறுபக்கத்தில் தைத்தார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்ற கேள்வி இன்னும் இருந்தது. நோய் சதையைத் தின்கிறது என்று ஊர் உலகமே நம்பியது, மருத்துவர்களும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கி லாகவமாகத் திருப்பித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது, ரத்தம் சொட்டியது. சிறுவனுக்குத் தெரியவில்லை. அங்கே விடை இருந்தது. நோய் விரலைத் தின்னவில்லை. வலி இல்லாததால் கொதிக்கும் பாத்திரமும் ஆணியும் பிசிறுள்ள கைப்பிடியும் விரலைத் தின்றன. தூங்கும்போது எலி கடித்தும் எழாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் துணைக்குப் பூனை வளர்க்கச் சொன்னார் பிராண்ட்.

சரியாக்கிய கையோடு ஊருக்குப் போனவர்கள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நிமிர்ந்ததால் பிச்சை விழவில்லை. நோய்ப் பெயர் இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை மேசையோடு தன் வேலை முடியவில்லை என்பது அப்போதுதான் பிராண்டுக்கு உறைத்தது. கல்லூரி வளாகத்தை ஒட்டி மண்சுவர் வீடுகள் கட்டி 'நவஜீவ நிலையம்' தொடங்கினார். அங்கே தச்சுப் பட்டறை. வாத்தியார் பிராண்டேதான். மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். உணர்ச்சியற்ற கைக்குக் காயம் படாதபடி சுத்தியலுக்கும் ரம்பத்துக்கும் கைப்பிடியைத் தடிமனாக மாற்றினார். கொல்லிமலையில் இளைஞர்களுக்கு ஜெஸ்ஸி மரவேலை சொல்லிக்கொடுத்த காட்சி நினைவுக்கு வராமல் போகாது. வீணாய்ப் போனதாக நினைத்த தச்சுப் பயிற்சி வருடங்கள் இங்கே ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டன.

அங்கே நோயாளிகள் கூடியிருந்த ஆராதனை ஒன்றில் பேச எழுந்தவர், அவர்கள் கைகளை மடிக்குள் ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தார். இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சன் கை, காய்ப்பும் கீறலும் இருந்திருக்கும். நோயாளிகளைத் தொட்ட கை. பிறகு ஆணி அறைந்த கை. உள்ளங்கை நடுவே ஆணி இறங்கினால் நரம்பும் தசைநாணும் அறுந்து விரல்கள் மடங்கிவிடும் என்று அறுவை மருத்துவராக அவருக்குத் தெரியும். அதாவது, சிலுவையில் இருந்தவருடைய கையும் இவர்களுடைய கைபோல் ஆகியிருந்தது. உயிர்த்தெழுந்த பிறகும் அந்தத் தழும்பை அவர் மறைக்கவில்லை. பேச்சு முடிவதற்குள் மடியிலிருந்து கைகள் மெல்ல வெளியே வந்தன, குவிந்தன.

காலுக்கு அவர் செய்ததும் குறைவில்லை. ஆறாத பாதப் புண்ணை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றுவது, மிருதுவான நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்வது ஆகியவை வேலூரிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் வளர்ந்தன. 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதத்துக்கும் இதே முறை பொருந்தும் என்று காட்டினார். இன்று நம் ஊர்க் கடைகளில் சர்க்கரைக்காரர்களுக்கு என்று கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பின் வம்சாவளி தொழுநோய் மருத்துவமனைகளுக்குத்தான் போகிறது. மனைவி மார்கரெட் தொழுநோயால் பார்வை போவதைத் தடுக்கும் கண் மருத்துவத்தில் பெயர் பெற்றார்.

பயம் அவரை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் முடிந்து, உடம்பு முடியாமல், நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் லண்டனில் ஒரு அறையில் சாக்ஸைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்ச்சி தெரியவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மனைவி, பிள்ளைகள், இனி அவர்களைத் தொடலாமா என்ற நினைப்பு. நோயாளிகளுக்குத் தைரியம் சொன்ன வாய்தான் அது. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. வெகுநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பழக்கம் அன்று காலை அவருக்கு வந்தது. கொல்லிமலை வீட்டு வாசலில் அப்பா ஏன் கையுறை மாட்டினார் என்பதும் அந்த இரவில் அவருக்கு முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

*

அம்மா ஈவ்லின், கணவர் இறந்த பிறகும் ஊழியத்தைக் கைவிடவில்லை. ஊழிய சங்கம் ஓய்வு கொடுத்தது. எழுபதை நெருங்கும் வயதில், சங்கத்தின் சம்பளம் இல்லாமல், மட்டக்குதிரையில் மறுபடி மலை ஏறினார். ஜெஸ்ஸியும் தானும் புதிதாக வந்த நாட்களில் சுற்றியிருந்த மலைகளுக்கெல்லாம் போவதாகப் போட்ட திட்டம் பாக்கி இருந்தது. ஒவ்வொரு மலையாகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, கம்பு ஊன்றி நடந்தார். மகன் எவ்வளவு சொல்லியும் கீழே இறங்கவில்லை. 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்தக் கல்லறைக்கு ஜோடி கிடைத்தது. பால் பிராண்ட் 2003 ஜூலையில், அமெரிக்காவில் காலமானார்.

செங்கல்பட்டுத் திருமணி இல்லத்தை 1955-ல் மத்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. நாடெங்கிலுமிருந்து மருத்துவர்களும் களப்பணியாளர்களும் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் முழுமையாகக் குணமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கியதுமே பரவும் தன்மை வேகமாகப் போய்விடும். தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் வருடச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. மருந்து வேகமாக வந்துவிட்டது. சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ஊர் மனசு இன்னும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் உணர்ச்சி இல்லை என்றால் தாமதிக்கக் கூடாது. பரிசோதனையில் பயப்பட எதுவுமில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வார்கள். பேனா முனையால் தேமலில் மெல்லத் தொட்டு, எங்கே தொட்டேன், விரலால் காட்டுங்கள் என்பார்கள். பிறகு முழங்கையை மடக்கிப் பிடித்து, பின்பக்கம் எலும்புக்கு அடியில் இரண்டு விரலை வைத்து, நரம்பு தடித்திருக்கிறதா என்று மெதுவாக உருட்டிப் பார்ப்பார்கள். தடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். அதனால் வெறுங்கையால்தான் பார்ப்பார்கள்.